ஒரு சாண் சுவர்

பாலைவனத்தில் ரத்தினக்கல் வெட்டுகிற எங்கள் கூபர் பீடியில் ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் பம்பு, டிவி ஆன்டெனா, லாரி ரேடியோ, சர்ச் மைக்கு, எதுவானாலும் இந்தத் தனாசி வருவான், திட்டுவான், சரிசெய்துவிட்டுப் போவான். நாற்பத்தொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ஜூலை மாதம் டிராகோ என்னைக் கூப்பிட்டது, ஒரு பொருள் அளவுக்கு மேலே வேலை செய்கிறது என்று.

“கூம், நீ உடனே வந்து பாரு. இந்தச் சனியன் ஆளே இல்லாத இடத்தப் பாத்துக் கையாட்டுது.”

அவன் மகள் வெஸ்னாவுக்கு ஞானஸ்நானத்தின்போது தூக்கிப் பிடித்தவன் நான். செர்பியர்களிடம் அந்த உறவுக்குக் கூம் என்று பேர். கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல். நான் கிரேக்கன் என்பதையே அந்தக் குடும்பம் மறந்து நெடுநாளாகிறது.

சனியன் என்று அவன் சொன்னது ஒரு பொம்மை. மே மாதம் சுரங்கத்தில் வாளி விழுந்து டிராகோவின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவன் மனைவி நெவென்காவைப் படுத்திய பாட்டைக் கேட்டு, அடிலெய்டில் இருக்கிற வெஸ்னா ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே பிளாஸ்டிக் துண்டு, மோட்டார், ஒயர், சென்ஸார், படம் போட்ட புத்தகம். நீயே செய்துகொள்ளும் ரோபோ. பெட்டி மேலே ‘பத்து வயதுக்கு மேல்’ என்று போட்டிருந்தது. டிராகோவுக்கு ஐம்பத்து நாலு. ஆறு வாரம் எடுத்துக்கொண்டான்.

மஞ்சள் உடம்பு, இரண்டு சக்கரம், திரும்புகிற தலை, ஒரே ஒரு கை. நெற்றியில் பாதிப் பந்து மாதிரி வெள்ளையாக ஒரு கண். ஆள் எதிரே வந்தால் அந்தக் கண் கண்டுபிடிக்கும். தலை திரும்பும், கை உயரும், இரண்டு தரம் ஆட்டிவிட்டு இறங்கும். அவ்வளவுதான் அதன் படிப்பு. அதற்கு மிஷ்கோ என்று பேர் வைத்திருந்தான்.

நான் போனபோது திங்கட்கிழமை மணி இரண்டு. வெளியே குளிர்காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கதவைத் தாண்டிக் குன்றுக்குள் நாலடி போனால் காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் வீடு கட்டுவதில்லை, குடைவதுதான். இந்த வீட்டை டிராகோவின் அப்பா ரதோவான் கையால் குடைந்தார். சுவரெல்லாம் அவருடைய பிக்காசு கொத்திய தழும்பு வரிவரியாக இருக்கும். அதன் மேல் தூசி உதிராமல் இருக்கப் பசை பூசியிருக்கும்.

சமையலறையில் அவரைப் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது, புகையில் வாட்டிய பன்றி எலும்பு போட்டு. நெவென்கா என்னைப் பார்த்ததும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். முகம் சரியில்லை.

“கூம், நீங்களாச்சும் இவருக்குப் புத்தி சொல்லுங்க. வியாழக்கிழமை தேசாங்கா குடையற மெஷினோட வர்றா. இந்தச் சுவத்தத்தான் உடைக்கணும்னு நிக்கிறாரு.”

“பின்ன எதை உடைக்கிறது? உன் தலையையா?” என்றான் டிராகோ. “ஆகஸ்ட்ல புள்ள வயித்தோட வெஸ்னா வர்றா. அவ புருஷன்தான் ஓடிட்டான். புள்ளயப் பெத்துட்டு எங்க படுப்பா? ஃப்ரிட்ஜ் மேலயா?”

பின்சுவரைக் குடைந்து குன்றுக்குள் ஓர் அறை. பிள்ளை வந்தால் அறை குடைவது எங்கள் ஊர் வழக்கம்தான். தகராறு எல்லாம் அந்தச் சுவரின் மூலையைப் பற்றி. அங்கே இன்னும் ரதோவானின் முக்காலி கிடந்தது. சுரங்கத்திலிருந்து தினம் மூன்று மணிக்கு வருவார். முக்காலியில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்ப்பார். பிளம் பழச் சாராயத்தை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றுவார். முதல் வாயைச் சுவரின் அடியில் கொட்டிவிட்டுத்தான் மிச்சத்தைக் குடிப்பார். செத்தவர்களுக்கு ஒரு சொட்டு விடுவது செர்பியர்கள் கல்லறையில் செய்கிற பழக்கம். இவர் அதை வீட்டிலேயே, அதுவும் தினமும் செய்தார். ஊரில் விட்டு வந்த அம்மா ஞாபகம் போல, பாவம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது.

“எங்க கையாட்டுதுன்னு சொன்னே?” என்று கேட்டேன்.

டிராகோ ஊன்றுகோலால் அந்த முக்காலியைக் காட்டினான்.

“சனிக்கிழமை முடிச்சேன். அன்னைக்கும் மூணு மணிக்கு மேல. நேத்தும் மூணு மணிக்கு மேல.”

“உங்கப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரம்,” என்றாள் நெவென்கா.

“அடச்சீ, சும்மா இரு!”

நான் பேய்களை நம்புகிறவன் இல்லை. லூசான ஒயரை நம்புகிறவன். பொம்மையைக் குப்புறப் போட்டு ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தேன். பேட்டரி பலம் குறைந்தால் இந்தக் கண்ணுக்குக் கிறுக்குப் பிடிக்கும். புது பேட்டரி போட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு நிமிஷம் அது அறையைப் பார்த்துப் பழக வேண்டும், அதுவரை கண்டபடி ஆடும். அந்த ஒரு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் சுவரோடு சுவராக அசையாமல் நின்றோம். கண்ணின் முதுகில் இரண்டு குட்டித் திருகுகள். ஒன்று எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதற்கு, இன்னொன்று எவ்வளவு நேரம் கையைத் தூக்கி வைத்திருக்கலாம் என்பதற்கு. இரண்டையும் நடுவில் வைத்தேன்.

“அவ்வளவுதான். இனிமே ஆடாது. சூப்பப் போடு,” என்றேன்.

மூன்று பத்துக்கு மிஷ்கோ தலையைத் திருப்பியது. முக்காலியைப் பார்த்தது. கை மெதுவாக உயர்ந்து இரண்டு தரம் ஆடியது. இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். யாரோ அங்கே உட்கார்ந்து காலை மாற்றி மாற்றிப் போடுவது போல இருந்தது. என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நெவென்கா சிலுவை போட்டுக்கொண்டாள். “அவர் உக்காந்த இடத்துல மெஷின் வைக்க நான் விட மாட்டேன்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து வயசுப் பிள்ளைகள் விளையாடும் சாமானிடம் நான் தோற்பதா? காலையிலேயே கருவிப் பெட்டியோடு போனேன். ஃப்ரிட்ஜின் மோட்டார் தொந்தரவாக இருக்கலாம் என்று அதை நிறுத்தினேன். கூரையில் காற்றுக்குழாய் வழியாக வெயில் விழுகிறதோ என்று அதன் வாயில் கம்பளியை அடைத்தேன். காலை முழுக்கப் பொம்மை சாதுவாக இருந்தது. மூன்று மணி அடித்ததும் ஆரம்பித்துவிட்டது.

“கண்ண மூடிப் பாரு கூம்,” என்றான் டிராகோ.

அதுவும் நல்ல யோசனைதான். கண்ணின் மேல் அட்டையை ஒட்டினேன். அரை மணி நேரம் கை அசையவே இல்லை. அட்டையை எடுத்தேன், தூக்கியது. ஒயரில் கோளாறு என்றால் கண்ணை மூடினாலும் ஆட வேண்டும். இது ஆடவில்லை. அப்படியென்றால் சென்ஸார் நன்றாக இருக்கிறது, அது எதையோ பார்க்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். காகிதச் சுருள் தீர்ந்துபோன அட்டைக்குழாய் ஒன்றைக் கண்ணின் மேல் மாட்டினேன், குழாய்க்கு நேரே இருப்பது மட்டும் தெரியும்படி. முக்காலிக்கு மேலே, ஒரு ஆளின் தலை இருக்கும் உயரத்துக்குக் காட்டினேன். ஒன்றுமில்லை. நெஞ்சு உயரம், ஒன்றுமில்லை. இடுப்பு, ஒன்றுமில்லை. குழாயைத் தரையோடு தாழ்த்தி முக்காலியின் காலடிக்குக் காட்டினேன். கை உயர்ந்தது.

“பாதம்,” என்றாள் நெவென்கா, வாசலில் நின்றபடி. “அவர் பாதம் இருந்த எடம்.”

உள்ளதைச் சொல்கிறேன். நான் என் நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அந்தக் கண் ஆளைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. சூடு மாறினால் போதும், ஆள்தான் வேண்டும் என்று இல்லை. சுவரின் அடியில் எதற்குச் சூடு மாற வேண்டும்?

புதன்கிழமை நெவென்கா மோட்டலில் அறை துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள், ஐந்து மணிக்குத்தான் வருவாள். சாமி படத்தின் கீழே இருந்த மெழுகுவத்தியை எடுத்துக் கொளுத்தி, ஊதி அணைத்துப் புகையவிட்டேன். முக்காலியை நகர்த்திச் சுவரின் அடியில் அதைப் பிடித்தேன். அப்போது காலை பத்து மணி. புகை நேராக எழும்பவில்லை. தரையோடு வளைந்து சுவருக்குள் போனது.

“டிராகோ, இதப் பாரு.”

ஒரு விரல் தடிமனில் ஓர் இரும்புக்குழாயின் வாய். தரையை ஒட்டி, முக்காலிக் காலுக்குப் பின்னால் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

“அதுவா? பழைய ஒயர் போன ஓட்டைன்னு நெவென்கா சொல்லுவா.”

“இந்த வீட்டுக்கு ஒயர் போட்டதே நான்தான்டா. இங்க ஒரு ஒயரும் போகல.”

மூன்று மணி வரை காத்திருந்தோம். மறுபடி புகையைப் பிடித்தேன். இப்போது அது உள்ளே போகவில்லை. குழாயிலிருந்து மெல்ல வந்த காற்று புகையை எங்கள் முகத்துக்குத் தள்ளியது. வெதுவெதுவென்று, கொஞ்சம் புளித்த பழ வாடையோடு. மூடிய சுரங்கங்கள் அப்படித்தான். காலையில் காற்றை இழுக்கும், மதியத்துக்கு மேல் விடும். ஊரில் எந்தச் சுரங்கக்காரனுக்கும் இது தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்படியும் நாங்கள் மூன்று நாள் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் மிஷ்கோ கையாட்டிக்கொண்டே இருந்தது.

திருப்புளியின் பிடியால் சுவரைத் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கல்லின் மொட்டைச் சத்தம். அந்த மூலையில் மட்டும் டம் டம் என்றது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அங்கே பிக்காசுத் தழும்பே இல்லை. இரண்டு கை அகலத்துக்குக் கல்தூளும் சிமென்டும் குழைத்துப் பூசியிருந்தது. இந்த ஊரில் ஒட்டுப் போடாத சுவர் ஏது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

“உள்ள பொந்து இருக்கு. உங்கப்பா வீட்டுக்குள்ளயே சுரங்கம் வெட்டியிருக்காரு,” என்றேன். ஊர் எல்லைக்குள் கல் தேடி வெட்டக்கூடாது. அறை குடைகிறேன் என்று சொல்லி வெட்டியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. அதனால் நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

டிராகோ சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கு அப்போ ஆறு வயசு கூம். அம்மாவ சர்ச்சுக்கு அனுப்பிட்டாரு. இங்கதான் தொட்டி வச்சு சிமென்ட் குழைச்சாரு. லூக்கா மாமா எங்க போனாருப்பான்னு கேட்டேன். மாமா எனக்கு தினம் எதாச்சும் மிட்டாய் கொண்டாருவாரு. கேட்டேன். அப்பா சிமென்டுக் கையோட என் வாயப் பொத்தினாரு.” உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “அந்த ருசி இன்னும் இருக்கு.”

லூக்கா ரதோவானின் கூட்டாளி. எழுபத்தொன்றில் இரண்டு பேர் பங்குக் கல்லையும் சுருட்டிக்கொண்டு கனடாவுக்கு ஓடிவிட்டான், பெண்டாட்டியையும் இரண்டு வயசுக் குழந்தையையும் விட்டுவிட்டு. நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொன்ன கதை அது. அந்தக் குழந்தைதான் தேசாங்கா. நாளைக்கு மெஷினோடு வரப்போகிறவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குத் திருடன் மகள் என்றுதான் பேர். இன்றைக்கும் பாரில் எவனாவது பாக்கெட்டைத் தடவிப் பார்த்தால் ‘தேசாங்கா வந்தாளா?’ என்று ஒருத்தன் கேட்பான், மற்றவன் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

“டிராகோ, நாம நினைக்கிறது நிஜமா இருக்கணும்னு இல்ல.”

“அப்பறம் யாருக்கு ஊத்தினாரு? நாப்பது வருஷமா யாருக்கு ஊத்தினாரு?”

பழ வாடை எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அவன் என் கையைப் பிடித்தான். “கூம், இத விட்டுரு. அப்பா பேரு போயிரும். சர்ச் கட்ட முதல் கல் வெட்டினவருன்னு அவர் படத்த அங்க மாட்டியிருக்காங்க. வெஸ்னா வர்ற நேரத்துல இந்த வீட்டுல போலீஸா? நெவென்கா சொன்ன மாதிரியே இந்த மூலைய விட்டுருவோம். நடைப் பக்கம் வெட்டிக்கிறேன். சின்ன ரூமா இருந்தாப் போதும்.”

“இந்தப் பொம்மை?”

“உனக்குத் தெரியாதா என்ன பண்றதுன்னு?”

தெரியும். தூரத் திருகை இடது பக்கம் முடிகிற வரைக்கும் திருப்பினேன். இனி முகத்துக்கு நேரே வந்து நின்றால்தான் அதற்குக் கண் தெரியும். மிஷ்கோ தூக்கிய கையை இறக்கியது, பிறகு தூக்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ ரிப்பேர் செய்திருக்கிறேன், இப்படி ஒன்று செய்ததில்லை.

நெவென்கா வந்ததும் சென்ஸார் கோளாறு என்று சொன்னேன். சுவர் வேண்டாம், நடையிலேயே வெட்டலாம் என்று டிராகோ சொன்னான். கேட்டதெல்லாம் கிடைத்தும் அவள் சந்தோஷப்படவில்லை. புருஷன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மூணு நாளா சண்டை போட்டவரு, இன்னைக்கு மட்டும் எப்பிடி?” என்றாள். நான் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் குன்றே அதிர மெஷின் வந்தது. முன்னால் பல் வைத்த பெரிய உருளையோடு அது வாசலை அடைத்து நின்றது. தேசாங்கா குதித்து இறங்கினாள். ஐம்பது வயசு, லாரிக்காரன் தோள், தலையில் பூப்போட்ட துணி.

“என்ன பெருசு, இன்னும் சாகலையா?” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். “நெவென்கா, காப்பி! வாயெல்லாம் மண்ணு. டேய் டிராகோ, நொண்டி, பொம்மை செஞ்சியாமே, எங்க அது?”

நேராகப் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்து அவள் இடமும் அதுதான். ரதோவான் இருந்தவரை வாரம் இரண்டு நாள் அவளைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவார். காப்பியோடு நெவென்கா சாராயமும் வைத்தாள். தேசாங்கா கிளாஸைச் சாய்த்து முதல் சொட்டைச் சுவரின் அடியில் விட்டாள்.

“ரதோவான் மாமாவுக்கு. இந்த ஊர்ல எனக்குச் சோறு போட்ட ஒரே மனுஷன். செருப்பு வாங்கித் தந்ததும் அவருதான், மெஷின் ஓட்டக் கத்துக்கிட்டப்போ ஜாமீன் நின்னதும் அவருதான். என்னப் பெத்த திருட்டு நாயி கனடாவுல எவ மடியில கெடந்து செத்தானோ.” கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்தாள். “அவனுக்கு ஒரு சொட்டு விட மாட்டேன்.”

டிராகோ ஊன்றுகோலின் ரப்பர் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

நடைக்குப் போய்ச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். மூலைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே மிஞ்சிப்போனால் ஆறடி.

“வெட்டறதுக்கு முன்னாடி கேக்கணும், அதான் கேக்கறேன். இந்தப் பக்கம் பழைய பொந்து, மூடின குழி எதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு. உருளை அதிர்வுல கூரை மொத்தமா என் தலையிலதான் எறங்கும்.”

“இல்ல,” என்றான் டிராகோ.

“மாமா குடைஞ்ச வீடு, இதுக்குப் போயி கேக்கறேன் பாரு,” என்று தன்னையே திட்டிக்கொண்டு மெஷினில் ஏறினாள்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. உருளை சுற்றத் தொடங்கியது. கூரையிலிருந்து பொடிப்பொடியாக மண் கொட்டியது. அப்போதுதான் டிராகோ ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு போய்ச் சுற்றுகிற உருளைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றான். நெவென்கா அலறினாள். எஞ்சின் செத்தது.

“பைத்தியக்காரா! கூழாயிருப்பேடா!”

“இங்க வெட்டாத தேசா.” அவன் அழுதுகொண்டிருந்தான். “மூலையில ஒடைக்கணும். கையால ஒடைக்கணும். உங்கப்பா கனடாவுக்குப் போகல.”

சுத்தியலை வாங்கி அவளே உடைத்தாள். எங்களைத் தொடவிடவில்லை. பூச்சு பழசானாலும் கெட்டியாக இருந்தது. ஒரு மணி நேரம் பிடித்தது. ஓட்டை தோள் நுழையும் அளவுக்கு ஆனதும் என் டார்ச்சை வாங்கி உள்ளே நீட்டினாள்.

குனிந்து போகும்படி ஒரு வெட்டு. பத்தடி தள்ளிக் கூரை இடிந்து கல்லாகக் குவிந்திருந்தது. அதன் அடியிலிருந்து இழுத்து வந்த தடம் தூசியில் அப்படியே இருந்தது. இந்தப் பக்கம், சுவரை ஒட்டி, லூக்கா படுத்திருந்தார். நெஞ்சு வரை கம்பளி போர்த்தி ஓரம் மடித்துவிட்டிருந்தது. முகத்தின் மேல் தொப்பி. கைகளைக் குறுக்கே கட்டி வைத்திருந்தது. தலைமாட்டில் எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக் கட்டை. குழாயின் மறுவாய் அவர் தோளுக்குப் பக்கத்தில் முடிந்தது. அதன் கீழே மண் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. காலையில் தேசாங்கா விட்ட சொட்டு அதில் இன்னும் பளபளத்தது.

பக்கத்தில் ஒரு புகையிலை டப்பா. நெவென்கா அதை எடுத்துத் திறந்தாள். காகிதத்தில் சுற்றிய கற்கள். காகிதத்தில் ரதோவானின் கோணல் எழுத்தில் ‘லூக்காவின் பங்கு’ என்று எழுதியிருந்தது. ஒரு கல்லும் வெளியே போகவில்லை.

தேசாங்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நெவென்கா போலீஸுக்குப் போன் செய்தாள். அவர்கள் நெடுஞ்சாலையில் ஒரு விபத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள், வர நேரமாகும் என்றார்கள். காத்திருந்தோம். எழுபத்தொன்றில் ரதோவான் போய்ச் சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும், ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள், மனுஷன் பயந்துவிட்டார் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பயந்ததை மன்னிக்கலாம். ஆனால் செத்தவனுக்குக் கம்பளி மடித்துவிட்ட அதே மனுஷன் வெளியே வந்து அவனைத் திருடன் என்றாரே, அதை என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

தேசாங்கா உடைந்த ஓட்டையின் ஓரத்தில் கையை வைத்தாள். கட்டைவிரலை உள்பக்கம் வைத்துச் சுண்டுவிரலை நீட்டினாள். வெளிப்பக்கம் சரியாக வந்து முட்டியது.

“ஒரு சாண்,” என்றாள். “ஒரு சாண்தான் இருக்கு. இந்த முக்காலியில உக்காந்து நான் எத்தனை வருஷம் சூப்பு குடிச்சேன். எத்தனை தடவ இவரத் திட்டியிருப்பேன். இப்பக்கூட திட்டினேனே. காதுல விழுந்திருக்குமே.”

டிராகோ ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

மேஜை மேல் மிஷ்கோ சும்மா உட்கார்ந்திருந்தது. அவள் அதை அப்போதுதான் கவனித்தாள். எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அது தலையைத் திருப்பி, கையைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டியது.

“இது எப்படிக் கண்டுபிடிச்சது?”

“உள்ளேருந்து காத்து வந்துச்சு. சூடான காத்து. அதப் பாத்துக் கையாட்டுச்சு,” என்றேன்.

“எத்தனை நாளா?”

“சனிக்கிழமையிலருந்து. அஞ்சு நாள்.”

“அஞ்சு நாளா எங்கப்பாவப் பாத்துக் கையாட்டியிருக்கு.” பொம்மையைத் திருப்பிக் கண்ணின் முதுகில் இருந்த திருகுகளைப் பார்த்தாள். மெஷின் ஓட்டுகிறவள், திருகு எந்தப் பக்கம் முடிந்து நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீ என்ன பண்ணின பெருசு?”

“ரிப்பேர் பண்ணினேன்,” என்றேன்.